பாஸ் என்னும் ஒரு சொல்லும் நாலு வள்ளம் அரிசியும்

தை 12, வியாழன்

பனி. வாசலில் எருமையின் குரல் மட்டும் கேட்டது, உடம்பைக் காணோம். சூரியன் லீவு. மனுக் கொடுத்துவிட்டுப் போனானா தெரியவில்லை.

வேலை: மைக்கூடு கழுவியது. பேனா முள் மாற்றியது. எருமையைக் குரல் வந்த திசையில் தேடிக் கட்டியது.

நேற்று தர்மபுரிச் சந்தையில் பழைய இரும்புக் கடைக்காரனிடம் ஓர் இங்கிலீஷ் அகராதி கிடைத்தது. உடைந்த அரிக்கன் விளக்கைக் கொடுத்து வாங்கினேன். முன்னட்டை இல்லை, பின்னட்டை இல்லை, தலையும் வாலும் கறையானுக்குப் போயின. வயிற்றுப் பகுதி முழுசு. திறந்ததும் விழுந்த சொல்: பாஸ். ஒன்றரைப் பத்தி! எண்ணினேன். நாற்பது அர்த்தத்தைத் தாண்டியதும் கண் கட்டிவிட்டது. இராவணனுக்கே தலை பத்துதான்.

எட்டாம் வகுப்பில் மூன்று தடவை என்னை எட்டிப் பார்க்காமல் போன சொல் இது. இப்போது முழுக் குடும்பத்தோடு என் மடியில் வந்து விழுந்திருக்கிறது. தீர்மானித்துவிட்டேன். இந்த ஒரே சொல்லுக்கு உலகத்தின் முதல் பெருநூலை இயற்றப் போகிறேன். அர்த்தங்களை ஊருக்குள் பிடித்து இந்த நோட்டில் அடைக்க வேண்டும். சக்கரவர்த்தி கேட்டு அனுப்பினால் ஒரு பிரதி கொடுக்கலாம்.

ராசம்மாவிடமிருந்து கடிதம். என் ஒரே தங்கை. காவிரிக்கு அக்கரையில் கொள்ளேகால் தாலுகாவில் வாழ்க்கைப்பட்டவள். அங்குள்ள வாத்தியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாசி 5, வெள்ளிக்கிழமை, மாதம்மாவுக்குக் காது குத்து. முன்னால் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தபின் தங்கிய மூன்றாவது, என் மாதம்மா. போன வருஷமே குத்தியிருக்க வேண்டும். என்னால் தள்ளிப்போனது. இந்த முறை ராசம்மாவின் மூத்தார் (புருஷனின் அண்ணன்) சொல்லிவிட்டாராம்: "உங்க அண்ணன் அரிசியோட வரலைன்னா, எம் மச்சான் மடியில புள்ளைய வச்சுக் குத்திடுவோம்."

எங்கள் குலத்தில் வழக்கம் இது: மாமன் வீட்டு அரிசி உலையில் விழாமல் குழந்தையின் காதில் ஊசி விழக்கூடாது. அந்த அரிசி யாருடையதோ, மடியும் அவனுடையது. அரிசி இருக்கிறது: நாலு வள்ளம், எங்கள் பக்கத்து அளவில் ஒரு சின்ன மூட்டை. ஆனால் யுத்தகாலம், ஒரு பிடி தானியம் ஜில்லா எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் சர்க்கார் சீட்டு வேண்டும். அதன் பெயர் என்ன? அதே சொல்தான். போன வருஷம் அது கிடைக்கவில்லை.

அகராதியே, நீ தற்செயலாக வரவில்லை.

தை 13, வெள்ளி

பனி குறைவு. தாலுகா ஆபீஸ் (இனி தா.ஆ.) புங்கமரத்தடியில் கடை போட்டேன். கடை என்றால் ஒரு சாக்கு, ஒரு பெட்டி, நான். மனு எழுதுபவன் நான். தர்மபுரி தாலுகாவின் கண்ணீர் முழுவதும் என் மைக்கூடு வழியாகத்தான் சர்க்காருக்குப் போகிறது. இதில் மிகை இல்லை. கொஞ்சம் இருக்கலாம்.

இன்று வந்தவை:

வத்தல்மலைச் சடையன். ஆடு மேய்க்கக் காட்டிலாகா பாஸ். "ஏனுங்க எழுத்தரே, ஆட்டுக்குப் பாஸு குடுக்கறாங்க. ஆட்டுப் பின்னால போற எனக்கு வேண்டாங்களா?" நியாயமான கேள்வி. மனுவில் எழுதினேன்: 'இந்த ஆடுகள் மடிந்தால் பதினேழு ஜீவன்கள் அன்றைக்கே பட்டினியால் மடியும்.' சடையன் வீட்டில் நாலு பேர். மற்ற பதின்மூன்று என் கைச்சரக்கு.

ரங்கசாமி நாயுடு, ஓய்வு பெற்ற பாயிண்ட்ஸ்மேன். ஆயுள் முழுக்க ரயிலில் ஓசியில் போகப் பாஸ் வைத்திருக்கிறார். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாகப் போன லைனைச் சர்க்கார் யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் இல்லை, பாஸ் இருக்கிறது. தினமும் அதைத் துடைத்துச் சட்டைப்பையில் வைக்கிறார். "ஒருநாள் லைன் திரும்பி வரும்ப்பா. அன்னைக்கு மொத டிக்கெட் நானு." அவருக்குப் பாஸ் உண்டு, வண்டி இல்லை. எனக்கு மாட்டு வண்டி உண்டு, பாஸ் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வெற்றிலை போட்டோம்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தாண்டிப் போகும்போது ஒரு கிழவரிடம் கத்திக் கேட்டார்: "ஐயா, ஒண்ணுக்குப் பாஸ் ஆவுதா?" கிழவர்: "ஆவுதுங்க, ஆனா கேட்டுக்கிட்டு ஆவறதில்லீங்க." குறித்துக்கொண்டேன். இந்த அர்த்தம் அகராதியில் கடைசி வரிசையில் வெட்கத்தோடு நிற்கிறது.

தை 15, ஞாயிறு

ஆபீஸ் விடுமுறை. வெயில் நன்றாக. என் சொந்த மனு எழுத உட்கார்ந்தேன். காலையில் உட்கார்ந்தவன் மத்தியானம் வரை 'மேன்மை தங்கிய' என்பதைத் தாண்டவில்லை.

கஷ்டம் இதுதான். ஊரார் மனுக்களில் எழுதி எழுதி ஏழைகளாக்குகிறேன். பசு செத்தது என்பேன், கூரை எரிந்தது என்பேன், பார்வை போனது என்பேன். சர்க்கார் இரங்கும். ஆனால் இது மாமன் சீருக்கான மனு. இதில் 'நான் ஏழை, என்னிடம் நாலு வள்ளம் அரிசிதான் உண்டு' என்று எப்படி எழுதுவது? எந்த மாமன் எழுதுவான்? காகிதம் ஆபீஸில் நூறு வருஷம் இருக்கும். நாளைக்கு மாதம்மா தாசில்தாராகி இந்தக் கட்டைப் பிரித்தால்?

படிவத்தில் ஒரு வரி: 'மனுதாரரின் தானியக் கையிருப்பு.'

எழுதினேன். இங்கே நகல்:

'அடியேன் இல்லத்தில் ஏழு குதிர்கள் கழுத்து வரை நிறைந்துள்ளன. எலிகளும் உண்டு களைத்து ஏப்பம் விட்டு உறங்குகின்றன. இவ்வளவில் கடுகளவாகிய நாலு வள்ளம் அரிசியை மட்டும் தங்கை மகளின் காதணி விழாவுக்குச் சீராகக் கொண்டுசெல்ல அனுமதி வேண்டி...'

படித்துக் காட்டினேன். பாப்பாத்தி (என் மனைவி) கேட்டுக்கொண்டே கேழ்வரகு புடைத்தாள்.

"ஏங்க, நம்ம வூட்டுல இருக்கறது ஒரு குதிருங்க."

"அது பாப்பாத்தி, அலங்காரம்."

"அந்த ஒண்ணும் பாதிதாங்க."

"அது சொல்லணி."

"என்ன அணியோ. எனக்குச் சரியாப் படலீங்க."

முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். உண்மை என்னவென்றால், ஏரிக்கடியில் உள்ள துண்டு நிலத்தில் வந்த நெல்லில் சர்க்கார் அளந்தது போக மிஞ்சியது சொற்பம். அதையும் ஆடி மாதத்திலிருந்து நாங்கள் தொடவில்லை. இரண்டு வேளையும் களி. சில நாள் சாமைக் கஞ்சி. பாப்பாத்தி ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. நான் தினமும் சுளிக்கிறேன். அரிசி, பானை வாயில் துணியால் வேடு கட்டி உள்ளறையில் இருக்கிறது. சில நாள் பானையைத் தட்டிப் பார்த்து மாதம்மா நலமா என்று கேட்பேன்.

தை 16, திங்கள்

தா.ஆ.வில் மனுக் கொடுத்தாயிற்று. பழைய குமாஸ்தா என் கையெழுத்தைப் பார்த்ததும் சிரித்தார். "யோவ், உம்ம மனு வந்தா நாங்க பத்தால வகுத்துத்தான் படிப்போம். ஆனா இப்ப தானியப் பிரிவுக்குப் புது ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., வந்திருக்கார். தெக்கத்திக்காரர். எழுதினது எழுதினபடி படிப்பார். பாத்துக்கும்."

எழுதினதை எழுதினபடி படிப்பவரா! அப்படி ஒரு பிராணி சர்க்காரில் இருப்பது எனக்குத் தெரியாது.

ஒரு அர்த்தம்: பஞ்சாயத்து போர்டில் தீர்மானம் பாஸ். எங்கள் ஊர் இண்டூர் ரோட்டுப் பள்ளத்தை மூடுவதாக. பள்ளத்துக்கு இன்னும் தெரிவிக்கவில்லை.

தை 19, வியாழன்

மேகம். மழை இல்லை.

சீட்டாட்டம், செட்டியார் கடைப் பின்புறம். கையில் ஒன்றும் இல்லையென்றால் 'பாஸ்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். என்ன அருமையான அர்த்தம். உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் கையில் ஒன்றும் இல்லையென்றால் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நான் அப்படித்தான்.

அகராதியில் இன்று கண்டது: ஒருவன் வேறொருவனாக எண்ணப்பட்டுக் காலம் தள்ளுவதற்கும் இதே சொல். கொஞ்ச நேரம் அந்த வரியிலேயே விரல் வைத்திருந்தேன்.

மனுவுக்குப் பதில் இல்லை.

தை 23, திங்கள்

காலையில் தலையாரி வந்தான். வரும்போதே கூவிக்கொண்டு வந்தான், தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று.

"ஏங்க எழுத்தரே! புதன்கெழமை ஆர்.ஐ. வர்றாருங்க! உங்க வூட்டு ஏழு குதிரும் அளக்கணுமாம்! பதுக்கல்னு பேசிக்கறாங்க! வண்டியும் கொண்டு வர்றாங்களாம், அள்ளிக்கிட்டுப் போக!"

உட்கார்ந்துவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு குதிர் உண்மை என்றால் நான் பதுக்கல்காரன். இருப்பதை அள்ளிக்கொண்டு போவார்கள், நாலு வள்ளமும் அதோடு. ஏழு குதிர் பொய் என்றால் சர்க்காருக்குப் பொய் எழுதிக் கொடுத்தவன். பாஸும் இல்லை, வழக்கும் உண்டு. எந்தப் பக்கம் விழுந்தாலும் மாதம்மா வேறு ஒருவன் மடியில்.

பாப்பாத்தி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. உலையில் தண்ணீர் ஊற்றினாள், கேழ்வரகு மாவைக் கொட்டினாள், களி கிண்டினாள். கிண்டும் கோல் பானையில் இடிக்கிற சத்தம் மட்டும். திட்டியிருக்கலாம்.

அர்த்தம் சேகரிக்கவில்லை.

தை 25, புதன்

பனி விலகி வெயில். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆர்.ஐ. வந்தார். சின்ன வயது. கண்ணாடி. வியர்வையே இல்லாத மனிதர். கூட மணியக்காரர், தலையாரி, நிஜமாகவே ஒரு வெறும் வண்டி. பின்னால் தெரு முழுக்க ஜனம். தேரோட்டத்துக்குக்கூட இவ்வளவு வராது.

உள்ளே போனார். குதிருக்குள் எட்டிப் பார்த்தார். கை விட்டுத் துழாவினார். பாதிக் கேழ்வரகு. சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மற்ற ஆறு குதிர் எங்கே?"

நான் குதிரின் வாயை மூடினேன்.

"நிலவறை இருக்கா? வேற வீடு இருக்கா? கேக்கறேன், சொல்லும்."

மணியக்காரர் தொண்டையைச் செருமினார். அவருக்கும் எனக்கும் பதினைந்து வருஷமாக வாய்க்கால் தகராறு. அவரைப் பற்றி மேலிடத்துக்கு மூன்று மனு எழுதியவன் நான். போச்சு என்று நினைத்தேன்.

"எசமான், நான் ஒண்ணு சொல்லலாங்களா? இந்தாளு ஏழுன்னா ஒண்ணுங்க. அந்த ஒண்ணும் அரைங்க. எம்மேல மனு எழுதுனாரு, நான் வாய்க்கால்ல அணை கட்டிக் கடல் பண்ணிட்டேன்னு. போயிப் பாருங்க, முழங்கால் தண்ணி."

கூட்டத்துக்குத் தைரியம் வந்துவிட்டது.

"அவரு கெணத்துல முதலை இருக்குதுன்னு சொல்லி எம் மவளுங்களைத் தண்ணி எடுக்க விடலீங்க!"

"எம் புருசன் பட்டாளத்துல இருக்கறாருங்க. சம்பளம் வரலைன்னு மனு எழுதச் சொன்னேன். அவரு ஒத்தையில நூறு எதிரியப் புடிச்சாருன்னு எழுதிட்டாருங்க. அவரு அங்க சமையல் வேலைங்க! ஆனா சம்பளம் வந்துருச்சுங்க."

கூட்டத்தில் சடையன்! மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறான். "எங்க வூட்டுல பதினேழு பேருன்னு எழுதுனாருங்க. அந்தப் பதிமூணு பேரு எங்கடான்னு காட்டிலாகா கார்டு இன்னைக்கும் கேக்கறாருங்க."

ஒவ்வொருவராக. இரக்கமே இல்லாமல். காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னை இவ்வளவு பேர் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஆர்.ஐ. மசியவில்லை. "ஊரே சேர்ந்து மறைக்கலாம். எனக்கு அத்தாட்சி வேணும்."

அப்போது பாப்பாத்தி வந்தாள். கையில் சோறு வடிக்கும் தட்டு. அதை நீட்டினாள். தட்டின் குறுக்கே சிலந்தி கூடு கட்டி, அதில் தூசி படிந்து, குட்டிச் சிலந்திகள் வேறு குடியிருந்தன.

"ஆடி மாசத்துல இருந்து இந்த வூட்டுல சோறு வடிக்கலீங்க. இத நான் தொடக்கூட இல்லீங்க. இதோ களி கிண்டற கோலு, தேஞ்சு பாதியாப் போச்சு. அரிசி இருக்குதுங்க. நாலு வள்ளம். அது எங்களுது இல்லீங்க. புள்ளையுது."

கூட்டம் தட்டைப் பார்க்கக் கழுத்தை நீட்டியது. எருமைகூட.

ஆர்.ஐ. தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிலந்தி கலையாதபடி திருப்பிக் கொடுத்தார். உள்ளறைப் பானையின் வாய்த் துணியை அவிழ்த்து, அளந்து, மறுபடி கட்டினார். நாலு வள்ளம். என்னிடம் திரும்பினார்.

"ஏன்யா இப்படி எழுதினீர்?"

"ஊரான் மனுவுல ஏழைன்னு எழுத வருதுங்க. மாமன் சீருக்கு எழுதும்போது வரலீங்க."

"தங்கைகள் எத்தனை பேர்?"

"ஒண்ணுங்க."

மணியக்காரர் கையைத் தூக்கினார். "எசமான், குறிச்சுக்குங்க! ஒண்ணை ஒண்ணுன்னு சொல்லிட்டாரு! இது வரைக்கும் நடந்ததே இல்லை!"

ஆர்.ஐ. சிரித்த மாதிரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்தார், அவ்வளவுதான். பிறகு சொன்னார்: மனுவில் உள்ளது பொய் அல்ல, இந்த ஆளுடைய சுபாவம் என்று ஊரார் ஒரு மகஜர் கொடுத்தால், திருத்திய கையிருப்போடு பாஸ் கொடுக்கலாம்.

மகஜர் யார் எழுதுவது? கர்ணம் காய்ச்சலில். ஊரில் வேறு எழுதத் தெரிந்தவன்?

நானே உட்கார்ந்தேன். என்னைப் பொய்யன் என்று ஊர் சொல்ல, நானே எழுதினேன்.

'இண்டூரில் வசிக்கும் மேற்படியான், பிறந்த நாள் தொட்டு மெய்யோடு பகை பூண்டவர். ஈரேழு பதினான்கு உலகிலும் இவருக்கு நிகரான புளுகர்...'

ஆர்.ஐ. குனிந்து பார்த்தார். "ஈரேழு உலகம் வேண்டாம். இந்தத் தாலுகா போதும்." அடித்தார். 'மெய்யோடு பகை' அடித்தார். கடைசியில் மிஞ்சியது ஒரே வரி: 'மனுதாரர் எதையும் பெருக்கிச் சொல்லும் வழக்கமுடையவர் என்பதை நாங்கள் அறிவோம்.' மொட்டையாக, அழகே இல்லாமல். அதுதான் வேலை செய்தது.

கீழே பதினொரு பேர் கட்டைவிரல். மணியக்காரர் கையெழுத்து முதலில். அவர் விரலில் மை ஒட்டிக்கொண்டது. என் வேட்டியில் துடைத்தார். துடைக்கட்டும்.

தை 26, வியாழன்

நன்றி சொல்ல வேண்டியவர்கள், மறப்பதற்கு முன்:

மணியக்காரர். வாய்க்கால் அவருக்கே. (நாளைக்கு மனம் மாறினாலும் இன்றைக்கு அவருக்கே.)

கிணற்றுப் பக்கத்து வீட்டார். முதலையை இன்றோடு வெளியேற்றிவிட்டேன் என்று போய்ச் சொன்னேன். "எங்க போச்சு?" என்று கேட்டார்கள். மேட்டூர் அணைக்கு என்றேன். விட முடியவில்லை.

சடையன். மலையிலிருந்து எதற்கு வந்தான் என்று கேட்டேன். "ஆட்டுப் பாஸு கெடச்சிருச்சுங்க, அத உங்ககிட்டக் காட்டலாம்னு வந்தேன். வந்த எடத்துல உங்கள எல்லாரும் வையறாங்க, நானும் வஞ்சேன்." தேன் ஒரு சுரைக்குடுக்கை வைத்துவிட்டுப் போனான். மாதம்மாவுக்கு.

பட்டாளத்துக்காரர் மனைவி.

சிலந்தி. இது முக்கியம். இதுபோல் ஒரு சாட்சி கோர்ட்டில்கூடக் கிடைக்காது. பாப்பாத்தியிடம், அந்தக் கூட்டைக் கலைக்காமல் தட்டைத் தோட்டத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தாள்.

பாப்பாத்தி. இவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து ஒரு நாள் போயிற்று. சாயங்காலம் நான் களி கிண்டினேன். கட்டி கட்டியாக. "நல்லா இருக்குதுங்க" என்றாள். அவளும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

தை 27, வெள்ளி

பாஸ் கையில்.

பழுப்புத் தாள். ஊதா முத்திரை. அரிசி, நாலு வள்ளம், ஒகேனக்கல் துறை வழி, காதணி விழாவுக்காக. ஆர்.ஐ. கையெழுத்துப் போட்டு, மை உலர ஊதி, நீட்டினார். "பாஸ், போம்" என்றார். எட்டாம் வகுப்பு வாத்தியார் மூன்று வருஷம் சொல்ல மறுத்ததை இவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். வெளியே வந்து புங்கமரத்தடியில் கொஞ்சம் நின்றேன். பக்கத்தில் ரங்கசாமி நாயுடு தம்முடைய பாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம்.

"உன்னது புதுசுப்பா. பத்திரமா வச்சுக்க. போயிட்டு வந்து சொல்லு, எப்பிடி இருந்துச்சுன்னு" என்றார். வண்டி உள்ள பாஸ் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். வந்ததும் முதல் வேலை அவரிடம் சொல்வது.

மாசி 3, புதன்

வண்டி கட்டி விடியலில் கிளம்பினோம். அரிசி மூட்டை நடுவில், மகாராணிபோல். சீர்ச் சாமான்: பாவாடை, சட்டை, வெல்லம், தேங்காய் ஐந்து, சடையனின் தேன், வெள்ளித் தோடு ஒரு ஜோடி. பாஸ் என் இடுப்பு மடிப்பில். அரை மைலுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

பென்னாகரத்தில் மாட்டுக்குத் தண்ணீர். டீக்கடையில் பேச்சு: ஒருவன் பட்டாளத்தில் சேரப் போய் மார்பளவில் பாஸ் ஆகவில்லையாம். அவன் ஆத்தா கடையில் எல்லாருக்கும் வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எம் மவன் பெயிலுங்க! எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க!" நானும் ஒரு துண்டு. அகராதி எழுதியவருக்கு இந்த ஆத்தாவைத் தெரியாது.

மாசி 4, வியாழன்

ஒகேனக்கல். அருவி இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை, பாப்பாத்திக்கு நிம்மதி.

துறையில் காவல்காரன் பாஸை வாங்கிப் படித்தான். மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தான். "ஏம்பா, இத்துனூண்டு அரிசிக்கா பாஸு? நான் என்னமோன்னு பாத்தேன். இதுதான் மாமன் சீரா?"

எனக்குள் ஏழு குதிரும் ஒரே நேரத்தில் எழுந்தன. நெஞ்சு புடைத்தது. வாய் திறந்தது. பாப்பாத்தி என் கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால், நகம் இறங்கியது.

"ஆமாங்க, இதுதாங்க" என்றேன்.

என் வாழ்வின் வீரச் செயல்களில் முதன்மையானது இதுவே. யாரும் பாட மாட்டார்கள்.

பரிசல். மூட்டை என் மடியில். சுழலில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது; அக்கரை இக்கரையாயிற்று, இக்கரை அக்கரையாயிற்று. பரிசல்காரன் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டான். கடந்து போவது என்பதும் அந்தச் சொல்தான். இதுதான் முதல் அர்த்தம், அகராதியில் தலைவரிசை. இத்தனை நாளும் அதைத் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறேன்.

அக்கரையில் ராசம்மா நின்றாள். மாதம்மா இடுப்பில். மணலில் எத்தனை நேரமாக நின்றாளோ, கணுக்கால் வரை புதைந்திருந்தது.

மாசி 5, வெள்ளி

வெயில். காற்று. சாப்பாட்டுக்கு முன் கிடைத்த இடைவெளியில் எழுதுகிறேன்.

காலையில் மூட்டையை அவிழ்த்தோம். ராசம்மாவின் மூத்தார் வந்து எட்டிப் பார்த்தார். அவர் மச்சான் புதுத் துண்டு போட்டுக்கொண்டு ஏற்கனவே தயாராக உட்கார்ந்திருந்தார், பாவம்.

"ஏனப்பா, இவ்வளவுதானா? உன் கடிதாசியில குதிர் குதிரா இருக்குன்னு வந்துச்சே?"

என் வாய் திறப்பதற்குள் ராசம்மா: "மாமா, அரிசி வந்திருச்சு. உலை கொதிக்குது. நகருங்க."

நகர்ந்தார். முதல் பிடியை நான் போட்டேன். உலை பொங்கியது. அந்த வாசனை. பாப்பாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; புகை என்றாள். புகை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மாதம்மா என் மடியில். எடை? உலகத்தையே வைத்ததுபோல. (இல்லை. ஒரு கோழி எடை. கொஞ்சம் கனமான கோழி.) என் மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆசாரி ஊசியைத் தேய்த்தார். "மாமா, வலிக்குமா?" என்றாள்.

எத்தனை பொய் எனக்குத் தெரியும். யானை எறும்பாகும், எறும்பு யானையாகும். எல்லாவற்றையும் மடித்து வைத்தேன்.

"வலிக்கும் கண்ணு. கொஞ்ச நேரம். அப்புறம் போயிடும்."

அலறினாள். அது சென்னைப் பட்டணம் வரை கேட்டிருக்கும்; யுத்தத்தையே ஒரு நிமிஷம் நிறுத்தி என்ன என்று கேட்டிருப்பார்கள். என் மீசையில் பாதி அவள் கையில். அதோடு, மடியில் வெதுவெதுப்பு. கம்பவுண்டரின் அர்த்தம். புது வேட்டி நனைந்து, இடுப்பு மடிப்பு நனைந்து, அதிலிருந்த பாஸ் நனைந்து, ஊதா முத்திரை கரைந்து என் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. ஆர்.ஐ. போட்டதை விட இது பெரிய முத்திரை. இனி எந்தத் துறையில் யார் கேட்டாலும் வேட்டியை விலக்கிக் காட்டலாம்.

எல்லாரும் சிரித்தார்கள். மூத்தார் தன் மச்சானிடம், "தப்பிச்சடா" என்றார்.

பிறகு ராசம்மா என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். என் அரைஞாண் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு முடிச்சு அதிகம் போட்டிருந்தேன், இல்லையென்றால் நழுவுகிறது.

"அண்ணா. அரிசிச் சோறு தின்னு எத்தினி நாளாச்சு?"

"நேத்துக்கூட மூணு அண்டா."

"உன் கணக்க நான் சின்ன வயசுல இருந்து பத்தால வகுத்துத்தான் கேக்கறேன். இத எதால வகுத்தாலும் ஒண்ணும் மிஞ்ச மாட்டேங்குதுண்ணா."

நான் மாதம்மாவின் காதுக்கு மஞ்சள் வைப்பதுபோல் குனிந்துகொண்டேன். ராசம்மா எழுந்து போனாள். பாப்பாத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இலை முன்னால் உட்கார வைத்துவிட்டாள். எனக்குப் பக்கத்து இலை.

அர்த்தங்கள் இதுவரை பதினான்கு. மீதி

கூப்பிடுகிறாள். சோறு ஆவி பறக்கிறது, எங்க வூட்டு அரிசி. போகிறேன்.